குழாய் நிற்கும் வரை

குழாயை முழுக்கத் திறந்துவிட்டால்தான் கத்தியின் சத்தம் வெளியே கேட்காது. வாளிக்குள் விழவிட்டால் தண்ணீர் ஏற ஏறச் சத்தம் அடங்கிப்போகிறது. அதனால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் முதுகில் விழவிடவேண்டும். அப்போதுதான் கொட்டுக்காரன் பக்கத்தில் நின்று அடிப்பதுபோல விடாமல் அடிக்கும், அந்த அடிக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். உலகம்மாள் இதைக் கண்டுபிடித்து இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை தண்ணீரும் சாக்கடைக்குப் போகிறதே என்று முதல் வாரம் மனசு உறுத்தியது, பிறகு அதுவும் பழகிவிட்டது. வண்ணார்பேட்டையில், வேலை பார்க்கும் பெண்களுக்கான அந்த விடுதியின் மாடியில் மூன்று குளியலறைகள். ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் விளக்கு இல்லை. இந்த ஒன்றில்தான் இரண்டும் உண்டு என்பதால் ஐந்தரைக்கே இதன் முன்னால் வாளிகள் வரிசை பிடித்துவிடும். அவள் ஐந்தேகாலுக்கே எழுந்து முதல் ஆளாக உள்ளே வந்துவிட்டாள். தாழ்ப்பாளில் நூல் கட்டித் தொங்கவிட்ட கைக்கண்ணாடி நிற்காமல் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு நேரம் தாடையைக் காட்டியது, ஒரு நேரம் சுவரில் யாரோ ஒட்டிவைத்த சோப்புத் துண்டைக் காட்டியது. நில்லேன், ஒரு நிமிஷம் நின்றால் என்ன, என்று அதைப் பிடித்து நிறுத்தினாள். பத்து மணிக்கு, பள்ளியில் அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க மேடம் வருவார்கள். பத்து மணிக்கு வகுப்புப் பிள்ளை நஸ்ரினின் விரல்கள் இந்தத் தாடையின் மேல் இருக்கவேண்டும். இன்றைக்கு மட்டுமாவது தடிப்பு வராமல் இருக்கவேண்டும், இன்றைக்கு மட்டுமாவது சொரசொரப்பு இல்லாமல் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடந்ததே இல்லை. வழவழப்பாக எடுத்தால் ஒன்பது மணிக்குள் கம்பளிப்பூச்சி ஏறியதுபோல் தடித்துவிடுகிறது, தடிக்காமல் எடுத்தால் மணல் ஒட்டியதுபோல் இருக்கிறது. கல்லூரியில் முதல் மாணவியாக வந்தவளுக்கு ஒரு சாண் தோலை எரியாமல் மழிக்கத் தெரியவில்லை.

கத்தியைப் பிரித்தாள். சலூனில் வைத்திருக்கும் அதே மடக்குக் கத்திதான், பிளேடை அதன் காகிதத்துக்குள்ளேயே வைத்து நெடுக்காக உடைத்து ஒரு பாதியைச் சொருகிக்கொள்வது. இதை வாங்கிய நாளை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது. ஜங்ஷன் பக்கம் சலூன் சாமான் விற்கிற கடையில், யாருக்கும்மா என்றார் கடைக்காரர். அப்பாவுக்கு என்றாள். "அப்பா கடை வச்சிருக்காரா?" ஆமா என்றாள். "எந்த ஊருல?" தென்காசி. "தென்காசில எங்க? அங்க நம்ம ஆளுக பூராப் பேரையும் எனக்குத் தெரியுமே, அப்பா பேரு என்ன?" பொய்ப்பெயர் ஒன்று சொல்லியிருக்கலாம், வாய் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டது. அப்பா மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர். என்றைக்காவது அந்தக் கடைக்காரர் தென்காசிக்குப் போய், கம்பத்தின் உச்சியில் நிற்கிற அப்பாவைக் கீழிருந்து கூப்பிட்டு, ஒங்க மக கத்தி வாங்கிட்டுப் போனாளே, நல்லா ஓடுதா, என்று கேட்பதாக அவளுக்குக் கனவுகூட வந்தது. அதற்குமுன் என்னவெல்லாம் செய்து பார்த்தாயிற்று. நூல் போட்டு எடுக்கப் போன இடத்தில் அந்தப் பெண், "அக்கா, மேலுதடு மட்டுமா, தாடையும் சேத்தா?" என்று கேட்ட சத்தத்தில் மருதாணி போட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். களிம்பு தடவியதில் தோல் உரிந்தது. மூன்று பிளேடு வைத்த ரோஸ் நிற பிளாஸ்டிக் ரேசரில் முடி தோலுக்குள்ளேயே வெட்டுப்பட்டு, உள்ளேயே சுருண்டு, கடுகு கடுகாகப் புடைத்தது. தோல் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ஹார்மோன்மா, மாத்திரை எழுதுறேன், கேக்க எட்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் ஷேவ் பண்ணிக்குங்க, ஒரே பிளேடா இருக்கட்டும், அமுக்காதீங்க, என்று வெளியே மழை பெய்கிறது என்பதுபோல் சொல்லிவிட்டு மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். பண்ணிக்குங்க என்றால் எப்படிப் பண்ணிக்கொள்வது? தம்பிக்கு மீசை அரும்பியபோது சித்தப்பா அவன் கன்னத்தைத் தட்டி, வாலே மாப்பிள்ளை, என்று கடைக்குக் கூட்டிப்போனார். அவளுக்கு யார் காட்டித் தருவார்கள்? யாரிடம் போய், எனக்குத் தாடி வருகிறது, வழி சொல்லுங்கள் என்று கேட்பது?

ஜன்னல்தான் காட்டித் தந்தது. அவளுடைய கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு சலூன், சலூனின் முதல் நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பெயர் தெரியாத அந்த அண்ணன் வேலை செய்வதைப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டே ஒரு மாதம் பார்த்தாள். பார்ப்பதில் அவள் கெட்டிக்காரி, பேசுவதில்தான் தடுமாற்றம். இடது கைப் பெருவிரலால் தோலைக் காதுப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறார். கத்தியைக் கிட்டத்தட்ட படுக்கவைத்துத்தான் ஓட்டுகிறார். நுரையை நேரம் எடுத்துப் போடுகிறார், அவசரமே இல்லை. கத்தியைக் கன்னத்தில் வைப்பதற்குமுன் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி ரேடியோவைக் குறைக்கிறார், வந்தவர் பேசினால் கேட்கவேண்டும் என்ற மரியாதைக்காக இருக்கும். முடிந்ததும் மறுபடி நுரை போட்டு, இந்தத் தடவை கீழிருந்து மேலே. அதன்பிறகு நாற்காலியில் இருப்பவர் புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் அவளுக்கு வேண்டும். இவ்வளவையும் மனப்பாடம் செய்தாயிற்று. தன் தாடையில் பஞ்சை வைத்து இழுத்து, எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அது எதிர்ப்போக்கு, எங்கே வழுக்குகிறதோ அது நேர்ப்போக்கு என்று படம்கூட வரைந்து வைத்திருக்கிறாள். கன்னத்தோரம் கீழ்நோக்கி, தாடைக்கு அடியில் இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி, இடதுபக்கத்தில் மட்டும் ஒரு சின்னச் சுழி. வலது பக்கம் நேர்ப்போக்கில் எடுத்து முடித்தாள். குழாய் அடித்துக்கொண்டே இருந்தது. இழுத்த இடம் இப்போதே சிவக்கத் தொடங்கிவிட்டது. அது சிவக்கும், ஒன்றும் செய்வதற்கில்லை. படம் சரியாகத்தான் இருக்கிறது, விரல் சரியாகத்தான் இருக்கிறது, பிளேடு புதுசு, அப்புறமும் ஏன்? எதை விட்டேன்? ஒரு மாதம் பார்த்ததில் எதைப் பார்க்காமல் விட்டேன்?

சிவந்த இடத்தில் இனி அம்மாவின் மஞ்சளையும் பூசவேண்டும். அம்மா கஸ்தூரி மஞ்சளைக் காயவைத்து, இடித்து, சலித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மாதாமாதம் கொடுத்துவிடுகிறாள். பூசுட்டி, பூசப்பூச முடி உதிர்ந்துபோகும், ஒங்க பெரியம்மைக்கு அப்படித்தான் போச்சு. பெரியம்மாவுக்கு முகத்தில் முடி இருந்ததா என்பதே உலகம்மாளுக்குத் தெரியாது, இருந்தால் அதை ஏன் ஒருவரும் ஒருநாளும் சொல்லவில்லை. பாட்டிலைத் திறக்கும்போதே அம்மாவின் முந்தானை வாசனை வரும், அதற்காகவே பூசுவாள். பூசியதும் எரியும். பச்சைப்புண்ணில் பூசினால் எரியத்தானே செய்யும், எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், என்று ஃபோனில் அம்மா சொல்வாள். சரி, எரிவது மஞ்சளா கத்தியா? மஞ்சளைச் சந்தேகப்பட்டால் அம்மாவைச் சந்தேகப்பட்டதுபோல் இருக்கிறது. கத்தியைச் சந்தேகப்பட்டால் வேறு வழியில்லை. ஆக இரண்டு மாதமாகச் சந்தேகம் முழுவதையும் தன் கைமேலேயே போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தக் கைக்கு ஒன்றும் வராது. கோலத்தில் புள்ளி கோணும், சப்பாத்தி இந்தியா வரைபடம்போல் வரும், இப்போது இது.

நஸ்ரின் மட்டும் அன்றைக்கு அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லித்தரும் பள்ளியில் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்து அது இரண்டாவது மாதம். பிள்ளையின் கையை எடுத்து ஆசிரியை தன் தாடையில் வைத்துக்கொள்ளவேண்டும். சத்தம் போட்டால் எலும்பு அதிரும், அந்த அதிர்வைப் பிள்ளை விரலால் வாங்கிக்கொண்டு, தன் தாடையிலும் கையை வைத்து, அதே அதிர்வைத் தேடிப்பிடிக்கவேண்டும். பாடம் அவ்வளவுதான். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு வருஷம். நஸ்ரினுக்கு ஐந்து வயது, அதுவரை வாயைத் திறந்ததே இல்லை, அழுதால்கூடக் கண்ணீர் மட்டும்தான். அவள் கையை எடுத்துத் தாடையில் வைத்து உலகம்மாள் "மா" என்றாள். பிள்ளை விரலை இப்படியும் அப்படியும் ஓட்டியது. கண் விரிந்தது. உடனே தன் புறங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பரபரவென்று தேய்த்துக் காட்டி, உடம்பெல்லாம் குலுங்க, என்னவோ ஒரு சத்தம். ஆயாக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அது அவ வாப்பாவச் சொல்லுதா டீச்சர். சவூதியில இருக்காரு. லீவுக்கு வந்தா தாடையை வச்சு அவ கன்னத்துல இப்படித்தான் தேய்ப்பாராம்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. பக்கத்து வகுப்பு டீச்சரும் சிரித்தாள். மேடம் கரும்பலகையிலிருந்து சட்டென்று திரும்பி, யாரு சத்தம் போட்டது, என்றார்கள். உலகம்மாளுக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. அன்று சாயங்காலம்தான் கத்தி வாங்கினாள், அன்றிலிருந்துதான் கீழிருந்து மேலே இரண்டாவது தடவையும் எடுக்கிறாள், அன்றிலிருந்து நஸ்ரினின் கையைத் தாடைக்குப் போகவிடாமல் கழுத்துக்கு நகர்த்திவிடுகிறாள். தடித்த தாடையை யார் தொடவிடுவார்கள்? நஸ்ரினும் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. போன வாரம் மேடம் பாடத்தைக் கவனித்துவிட்டு, குறிப்பேட்டில் 'கை எங்கே?' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். பிள்ள ஒங்க முகத்தைத்தாம்மா படிக்கும், முகத்தை மறைச்சுட்டு என்ன பாடம் நடத்துவீங்க, செவ்வாய்க்கிழமை மறுபடி வருவேன், அன்னைக்கும் இப்படியே இருந்தா பயிற்சிச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடமாட்டேன், அடுத்த வருஷம் பார்ப்போம், என்றார்கள். இன்று செவ்வாய்.

இடது பக்கம் நுரை போட்டாள். பெருவிரலால் தோலை இழுத்தாள். கத்தியை வைத்தாள். குழாய் ஒரு தரம் இருமியது, இரண்டு தரம் துப்பியது, நின்றுவிட்டது. வாளியின் முதுகில் கடைசிச் சொட்டுகள் டொக் டொக்கென்று விழுந்து, பிறகு அதுவும் இல்லை. இவ்வளவு அமைதியை இந்த அறையில் அவள் கேட்டதே இல்லை. வெளியே நின்றவர்களின் மூச்சுகூடக் கேட்கும்போல் இருந்தது. "போச்சு," என்றது ஒரு குரல், "மேல தொட்டி காலி." "தொட்டியக் காலி பண்ணுனவ உள்ளதான இருக்கா," என்றாள் ஜெசிந்தா. பக்கத்து அறைக்காரி, தூத்துக்குடிக்காரி, ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். "ஏட்டி உலகு, அரைமணி நேரமா தாமிரபரணியவே உள்ள இழுத்துவிட்டிருந்தியே, குளிக்கியா இல்ல உள்ள நெல்லு கில்லு நட்டிருக்கியா?" எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மாள் அசையவில்லை. வாளி கவிழ்ந்து கிடக்கிறது, உள்ளே ஒரு சொட்டு இல்லை, செம்பில் பாதி இருக்கிறது. முகத்தில் பாதி நுரை, பாதி தாடை முடிந்தும் பாதி முடியாமலும். கதவுக்கு வெளியே ஐந்து பேர். கத்தி தாடையில் இருந்தது. இழுத்தால் கேட்கும். இழுக்காமல் எவ்வளவு நேரம் இப்படியே நிற்பது? "இந்தா வாரேன்," என்று சொன்னாள், குரல் உள்ளேயே நின்றுவிட்டது.

கேட்காமல் எடுக்கவேண்டும். அது ஒன்றுதான் இப்போது யோசனை. கத்தியை மெல்ல இறக்கினாள். சரக் என்றது. கேட்டிருக்குமா? கேட்டிருக்கும். கத்தியை இன்னும் கொஞ்சம் படுக்கவைத்தாள், கையின் கனத்தை எடுத்துவிட்டு, கத்தி தன் கனத்திலேயே இறங்கட்டும் என்று விட்டாள். இந்தத் தடவை சரக் இல்லை, சிர்ர்... என்று, தூரத்தில் யாரோ பட்டுத் துணியைக் கிழிப்பதுபோல் ஒன்று. சுழி இருக்கும் இடத்தில் மறுபடி சரக். நிறுத்தி, வேறு பக்கமாகச் சாய்த்தாள், சிர்ர். சரக் என்றால் தப்பு, சிர்ர் என்றால் சரி. தப்பான இடத்தில் இழுபட்டது, சரியான இடத்தில் கத்தி இருக்கிறதா என்றே தோலுக்குத் தெரியவில்லை. அட. அவள் கை அப்படியே நின்றது. ரேடியோ. அந்த அண்ணன் ரேடியோவைக் குறைத்தது மரியாதைக்கு இல்லை. அவர் கத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். தெருவுக்கு இந்தப் பக்கம் ஜன்னலில் உட்கார்ந்து ஒரு மாதம் பார்த்ததில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது, சத்தம் மட்டும் வந்துசேரவில்லை. பிறகு இரண்டு மாதம் குழாயை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, தானே தன் காதை அடைத்துக்கொண்டு, எரிகிறது எரிகிறது என்று கையைத் திட்டியிருக்கிறாள். அமுக்காதீங்க என்று டாக்டர் சொன்னாரே, எவ்வளவு அமுக்கினால் அமுக்கல் என்பதைக் கத்தி தினமும் சொல்லியிருக்கிறது, அதைக் கேட்கவிடாமல் ஒரு ஆற்றுத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறாள். சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு சின்ன விஷயம். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், பக்கத்தில் நின்று, கேளு, என்று சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

"உலகு," கதவுக்குப் பக்கத்தில் வந்து ஜெசிந்தா குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "என் குடத்துல தண்ணி இருக்கு. ரெண்டு செம்பு வாசல்ல வைக்கேன், எடுத்துக்க. பதறாம எடு. கிழிச்சுக்கிடாத." கிழிச்சுக்கிடாத. எதைக் கிழித்துக்கொள்ளாமல்? எவ்வளவு நாளாகத் தெரியும்? சத்தம் கேட்டா, மஞ்சள் கறையைப் பார்த்தா, இல்லை, எதிரில் உட்கார்ந்து சோறு தின்னும்போது தாடையைப் பார்த்தா? இப்போதுதான் பார்த்தாளா, முதல் நாளே பார்த்தாளா? கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. "சரிக்கா," என்றாள். வெளியே செம்பு தரையில் வைக்கப்படும் சத்தம். பிறகு ஜெசிந்தா மற்றவர்களைப் பார்த்து, "என்னளா பாக்கிய, வார்டன எழுப்பி மோட்டாரப் போடச் சொல்லுங்க, நிக்காளுவ பாரு வெறகு மாதிரி," என்று அதட்டுவது கேட்டது. செருப்புகள் படியில் இறங்கின.

இடது பக்கத்தை முடித்தாள். சிர்ர் மட்டும்தான், ஒரு சரக் கூட இல்லை. கதவை ஒரு சாண் திறந்து, கையை மட்டும் நீட்டிச் செம்பை எடுத்து முகத்தைக் கழுவினாள். கண்ணாடி திரும்பிக்கொண்டே வலது பக்கத்தைக் காட்டியது, சிவப்பு. இடது பக்கத்தைக் காட்டியது, ஒன்றுமில்லை. வெறும் முகம். எரியவில்லை. எங்கே, இப்போது எரியும், இதோ, என்று காத்திருந்தாள், வரவில்லை. கீழே மோட்டார் உறுமத் தொடங்கியது. குழாய் இருமி, காற்றைத் துப்பி, பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, பிறகு வாளியின் முதுகில் மறுபடியும் கொட்டத் தொடங்கியது. நேரம் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. மறுபடி நுரை போட்டுக் கீழிருந்து மேலே ஒரு தடவை எடுத்தால் வழவழவென்று ஆகிவிடும். புறங்கையால் இடது தாடையைத் தடவினாள். இருக்கிறது. மிகக் கொஞ்சம்தான், புதுத் துணியின் மொடமொடப்பு போல, ஆனால் இருக்கிறது. நஸ்ரினின் விரல் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்து மறுபடி கன்னத்தைத் தேய்த்துக் காட்டும், மேடத்தின் முன்னாலேயே. ஆயாக்கா வாயைப் பொத்துவாள். மேடம் திரும்பி, யாரு சத்தம் போட்டது, என்பார்கள். யாரு சத்தம் போட்டது. பிரஷ்ஷைச் செம்பில் முக்கிய கை அப்படியே நின்றது. சிரித்தது ஆயாக்கா, பக்கத்து வகுப்பு டீச்சர். அவர்கள் சிரிப்பு மேடத்துக்குத் தெரியாதா, தினமும் கேட்பதுதானே. அதற்கா அப்படித் திரும்பினார்கள்? இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறவர்கள், தெரியாத ஒரு குரல் கேட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள். அன்றைக்கு நஸ்ரின் குரல் விட்டாள். உடம்பெல்லாம் குலுங்க, தொண்டையைத் திறந்து, வாழ்க்கையில் முதல்முறையாக. அத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளையின் கையைத் தாடையில் வைத்திருந்தவள் அவள்தான், அவளுக்கு மட்டும் அது குரலாகக் கேட்கவில்லை. அவள் காதில் விழுந்ததெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அன்றிலிருந்து, இந்தச் சொரசொரப்பில் பிள்ளை கண்டுபிடித்த வாப்பாவை எடுத்து மறைத்து வைத்துக்கொண்டு, மா சொல்லு, மா சொல்லு என்று பிள்ளையின் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

இதற்காக இந்தத் தாடையை மன்னித்துவிட முடியாது. எட்டு மாதம் முடியும்வரை மாத்திரை போடத்தான் வேண்டும், நாளைக்கும் ஐந்தேகாலுக்கு எழுந்திருக்கத்தான் வேண்டும், எல்லாம் எரிச்சல்தான். பத்து மணிக்கு ஆயாக்கா சிரித்தால் முகம் சிவக்கத்தான் போகிறது, இந்தத் தடவை கத்தியால் இல்லை, வெட்கத்தால். கீழிருந்து மேலே எடுக்காமலே பிரஷ்ஷை உதறி டப்பாவில் போட்டாள். மஞ்சள் பாட்டிலைத் திறந்து ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு மூடினாள். கத்தியை மடக்கினாள். பிறகு வலது கையை எடுத்துத் தாடையில் வைத்தாள், தன் கையாக இல்லை, ஐந்து வயதுக் கையாக, விரல்களை அகலமாக விரித்து. "மா," என்றாள். விரலுக்குச் சொரசொரப்புத் தெரிந்தது, அதிர்வு தெரியவில்லை. தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. குழாயை மூடினாள். "மா," என்றாள் மறுபடி, அந்த அமைதியில், இந்த விடுதியில் அவள் ஒருநாளும் பேசியிராத சத்தத்தில். அதிர்வு எலும்பிலிருந்து புறப்பட்டு முள்முள்ளாக நின்ற தோல் வழியே விரல் நுனி வரைக்கும் வந்தது.

"ஏட்டி, உள்ள பாட்டு கிளாஸ் வேறயா?" என்றாள் ஜெசிந்தா வெளியிலிருந்து. யாரோ சிரித்தார்கள்.

உலகம்மாள் கையை எடுக்கவில்லை. "மா," என்றாள்.